பழைய ஜீப்போட பானட் கீலு வேலை: ரெண்டு மாசம் பட்டதும் கத்துக்கிட்டதும்

போன வருசம் ஆடி மாசம். கம்பத்துல உரக்கடைக்குப் போய் ரெண்டு மூட்டைய பின்னாடி போட்டுக்கிட்டு நானும் தம்பியும் ஜீப்புல திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம், வீடு மேல கேரளா பக்கம் அணக்கரைல, அன்னிக்கு குமுளி வழியா ஏறிக்கிட்டு இருந்தோம். கூடலூர் தாண்டி லோயர்கேம்ப் வரைக்கும் அந்த மாசத்துல காத்து எப்படி அடிக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மேல மலைல மழை கொட்டும், கீழ பள்ளத்தாக்குல வெறும் காத்து மட்டும் எறங்கி வந்து தென்னமரத்தையே வளைக்கும். நாங்க போனது நேர் எதிர்காத்து. வண்டி 50ல கூட போயிருக்காது. தம்பி "அண்ணே, பானட்டு தூக்குதுண்ணே"ன்னு சொல்லி முடிக்கல, டமார்னு ஒரு சத்தம், முன்னாடி ரோட்டையே காணோம், கண்ணாடி முழுக்க இன்ஜின மூடுற பானட்டோட அடிப்பக்கம்தான் தெரியுது.

பின்னாடி பஸ் வந்துக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும், அதனால பிரேக்க அமுக்கி மிதிக்கல, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு நான் வலதுபக்கம் தலைய வெளிய நீட்டி நடுக்கோட்டப் பாத்துக்கிட்டேன், தம்பி இடதுபக்கம் எட்டிப் பாத்து "ஓரம் இருக்கு, வாண்ணே, இன்னும் வாண்ணே"ன்னு சொல்லச் சொல்ல பைய ஓரங்கட்டி நிறுத்தினோம். கதவு இல்லாத வண்டிங்கிறதால தப்பிச்சோம். இறங்கி நின்னப்ப கை ரெண்டும் நடுங்குது. யாருக்காச்சும் இந்த மாதிரி ஆச்சுன்னா மொதல்ல நினைப்புல வச்சுக்க வேண்டியது இதுதான், சட்டுன்னு பிரேக் அடிக்காதீங்க, ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க, பக்கவாட்டுல ரோட்டப் பாத்துப் பாத்து நிறுத்துங்க.

சேதம் என்னன்னா கண்ணாடி பிரேமோட மேல் கம்பி உள்வாங்கிடுச்சு, கண்ணாடில குறுக்க ஒரு விரிசல், பானட் கீலோட வலதுபக்கம் வளைஞ்சு நிக்குது, அந்தப் பக்கத்துல ரெண்டு போல்ட்டு கவுல் தகட்டையே பிச்சுக்கிட்டு வந்துருச்சு. கவுல்னு நான் சொல்றது கண்ணாடிக்கு முன்னாடி குறுக்க இருக்கிற மேல் தகடு, பானட்டோட பின்பக்கம் வந்து உக்கார்ற எடம். பானட்ட கயித்தால கட்டிக்கிட்டு 20ல ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம்.

வண்டியப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன். மகிந்திரா சிஜே 3பி. அப்பா 1986ல ஒரு ஏலத்தோட்டத்துல இருந்து வாங்கினது, அப்பறம் பெட்ரோல் இன்ஜின எடுத்துட்டு டீசல் போட்டாரு. கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு வழியா காலைல ஏலக்காய் எடுக்கிற பொம்பளையாளுங்கள ஏத்திக்கிட்டு வந்து, சாயந்தரம் திரும்பக் கொண்டுபோய் விட்ட வண்டி, எங்களப் படிக்க வச்சதே இதுதான். அப்பா இப்ப இல்ல. அதனால இத விக்கிறதும் இல்ல, ஷெட்டுல சும்மா போட்டு வைக்கிறதும் இல்லன்னு நானும் தம்பியும் முடிவு பண்ணி வச்சிருக்கோம்.

சிஜே 3பிய மத்த பழைய ஜீப்புல இருந்து ஒரே பார்வைல கண்டுபிடிச்சிடலாம், அந்த உயரமான பானட்டுதான் அடையாளம். வில்லிஸ் கம்பெனி 1953ல அமெரிக்கால இந்த மாடல கொண்டுவந்தப்ப அதுல போட்ட ஹரிக்கேன் இன்ஜினுக்கு இன்லெட் வால்வு மேல ஹெட்டுக்குள்ள போயிடுச்சு, இன்ஜின் உயரமாச்சு, பழைய தட்டை பானட்டுக்குள்ள அது அடங்கல, அதனால கவுலு, முகப்புல நிக்கிற கிரில்லு, பானட்டு மூணையும் தூக்கினாங்க. அங்க 1968லயே இந்த மாடல நிறுத்தியாச்சு, நம்ம ஊர்ல அதுக்கப்பறமும் பல வருசம் வந்துக்கிட்டு இருந்துச்சு. இந்தக் கதைய ஏன் சொல்றேன்னா, பானட்டு உயரமானா சைடும் ஆழமா எறங்கும், கனம் கூடும், காத்து பிடிக்கிற பரப்பும் கூடும், அத்தனையும் பின்னாடி இருக்கிற அந்த ஒத்தக் கீலு மேலதான் வந்து விழும். என் வண்டில நடுவுல 2 அடி நீளத்துக்கு ஒரே கீலு, முன்னாடி ரெண்டு பக்கமும் மட்காட்டுல ஸ்பிரிங் வச்ச சைடு லாக்கு, அவ்வளவுதான். கார்ல இருக்கிற மாதிரி நடுவுல லாக்கு, அதுக்கு அடியில ரெண்டாவதா ஒரு சேஃப்டி கொக்கி, அதெல்லாம் இதுல கிடையாது.

இப்ப என் தப்பச் சொல்லணும். ஒரு வருசமாவே பானட்டு சரியில்லன்னு எனக்குத் தெரியும். இடதுபக்க லாக்க மாட்டறதுக்கு கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு இழுக்கணும், வலதுபக்கம் தொட்டாலே கழண்டு வரும். நான் என்ன பண்ணேன்னா வலதுபக்க லாக்குக்கு அடியில ரெண்டு வாசர் போட்டு இறுக்கிட்டேன், சத்தம் நின்னுச்சு, சரியாச்சுன்னு விட்டுட்டேன். அங்கதான் விசயமே. பானட்டு எங்க உக்காரணும்னு முடிவு பண்றது கீலு, லாக்கு இல்ல. லாக்கு உக்காந்தத பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். கீலு தேஞ்சு பானட்டு ஒருபக்கமா சாஞ்சு நிக்கும்போது லாக்க இறுக்கினா, ஓடும்போது குலுங்கிக் குலுங்கி அந்த லாக்கோட ஸ்பிரிங்குதான் முழுப் பாரத்தையும் தாங்குது, ஒருநாள் அது விட்டுடும். எனக்கு விட்டது ஆடிக் காத்துல.

உங்க வண்டில கீலு தேஞ்சிருக்கான்னு பாக்க ஒரு நிமிசம் போதும். பானட்ட பாதி தூக்கி, முன் நுனியப் பிடிச்சு இடவலமா ஆட்டுங்க, இன்னொரு ஆள கீலு பக்கத்துல நின்னு பாக்கச் சொல்லுங்க. தகட்டைச் சுருட்டி குழாய் மாதிரி பண்ணி அதுக்குள்ளதான பின்னு போகுது, அந்தச் சுருட்டின கண்ணுக்குள்ள பின்னு நகர்றது வெறும் கண்ணுக்கே தெரியும். ஓரத்துல 1 மில்லிதான ஆடுதுன்னு நினைக்காதீங்க. 2 அடிக் கீலுல இந்த ஓரம் 1 மில்லி முன்னாடியும் அந்த ஓரம் 1 மில்லி பின்னாடியும் போச்சுன்னா 3 அடி தள்ளி மூக்குகிட்ட அது 3 மில்லியா வந்து நிக்கும். இடதுபக்கம் லாக்கு எட்டாம, வலதுபக்கம் தொளதொளன்னு இருந்ததுக்குக் காரணம் அதுதான், நான்தான் லாக்கப் போய் நோண்டிக்கிட்டு இருந்தேன்.

கழட்டுற வேலைய அவசரமா ஆரம்பிக்க வேண்டாம். கீலோட நாலு ஓரத்தையும் சுத்தி, கவுல்லயும் பானட்டுலயும், கூரான ஆணியால கோடு கீறி வச்சுக்கணும். மார்க்கர்ல போட்டா மண்ணெண்ணெய் பட்டதும் அழிஞ்சிடும். அதவிட நல்ல வழி ஒண்ணு கம்பத்துல டிங்கர் பட்டறை மேஸ்திரி சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. கழட்டுறதுக்கு முன்னாடியே கீலையும் தகட்டையும் சேத்து ரெண்டு எடத்துல 3 மில்லி ஓட்டை போட்டுக்கணும், திரும்ப மாட்டும்போது அந்த ஓட்டைல 3 மில்லி டிரில் பிட்டையே சொருகினா கீலு பழைய எடத்துல துல்லியமா வந்து நிக்கும், பெயிண்ட் அடிச்சாலும் அடையாளம் போகாது. பானட்டு நேரா இருந்து, துரு மட்டும் பிரச்சனைன்னா இது அருமையான வழி. எனக்கு பழைய எடமே கோணல்ங்கிறதால இது ஆரம்பப் புள்ளியா மட்டும் ஒதவிச்சு.

போல்ட்டு விசயத்துல ஒரு நாள் முழுக்க போச்சு. வாரம் பூரா சாரல்ல நிக்கிற ஊரு இது, துரு பிடிக்காம என்ன செய்யும். துரு இளக்குற டபிள்யூடி 40 எண்ணெய அடிச்சு ராத்திரி விட்டு, காலைல திருகு தலைல வச்சு சுத்தியால நாலு தட்டு தட்டி, கால் சுத்து கழட்டி, அரைக்கால் சுத்து திரும்ப இறுக்கி, மறுபடி கழட்டின்னு பொறுமையாப் போனா பாதி வந்துரும். ரெண்டு போல்ட்டு ஒடைஞ்சுச்சு. ஒடைஞ்சதப் பாத்தாத்தான் தெரியுது, அதுக்கு முன்ன வேலை பாத்த பட்டறைல 6 மில்லி போல்ட்டப் போட்டு ஏத்தியிருக்காங்க. பழைய ஜீப்புல வர்றது இஞ்ச் மரை. கால் இஞ்ச்னா 6.35 மில்லி, பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு 6 மில்லிய உள்ள விட்டா ரெண்டு சுத்து பிடிக்கிற மாதிரி பிடிக்கும், இறுக்கும்போது மரைய அழிச்சிட்டு சும்மா சுத்தும். அப்பறம் அது வெளிய வராம வெல்டிங் பொட்டு வச்சு விட்டிருந்தாங்க. கால் இஞ்ச்லயும் நெருக்க மரை இஞ்ச்சுக்கு 28, பெரு மரை இஞ்ச்சுக்கு 20, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. அதனால கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டையும் நட்டையும் கையோட கொண்டு போங்க, கடைலயே நட்டுல விரலாலேயே முழுசா ஏறி இறங்குதான்னு பாத்து வாங்குங்க.

கீல கழட்டி வெளிச்சத்துல வச்சுப் பாத்தப்ப நெஞ்சு கனத்துப் போச்சு. பின்ன வெர்னியர்ல பிடிச்சா நடுவுல 6 மில்லி, வலது ஓரத்துல 4.8. நம்ம சுண்டுவிரல் மோதிரம் தேயிற மாதிரி ஒரு பக்கமா வழுவழுன்னு தேஞ்சு, அது மேல செந்துரு மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல கடைசியா எண்ணெய் விட்டது அப்பாவாத்தான் இருக்கணும். அவரு வாரம் ஒருக்கா பானட்டத் தூக்கி, மண்ணெண்ணெய் பாட்டில் மூடில ஓட்டை போட்டு வச்ச எண்ணெய கீலு மேல ஒரு கோடு மாதிரி விட்டுட்டு, துணியால வழிச்சு விடுவாரு, சின்ன வயசுல நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நான் ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து ஒருதரம் கூட செய்யல.

புதுக் கீலு வாங்கிடலாம்னு மொதல்ல கோயம்புத்தூர்ல இருந்து ஒண்ணு வரவழைச்சேன். வந்ததப் பாத்தா தகடு பழசவிட மெல்லிசு, கையால முறுக்கினா வளையுது, ஓட்டைங்க ஒரு நூல் தள்ளி இருக்கு. இந்த கனத்த பானட்டுக்கு அது ஆறு மாசம் தாங்காது. மேஸ்திரி அதக் கையில வாங்கி ஒருதரம் மூடித் திறந்து பாத்துட்டு "தம்பி, உங்க பழசோட இரும்பு மாதிரி இப்ப வராது, இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, பழசையே எடுங்க, நான் கண்ண அடைச்சுத் தர்றேன்"னாரு. அந்த ஒரு பேச்சுக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

அவர் செஞ்ச வேலை இதுதான். 6 மில்லி பிரைட் பார் (வழுவழுன்னு சரியான அளவுல வர்ற இரும்புக் கம்பி) லேத்துல கொடுத்து ரெண்டு நுனியையும் கூர் தட்டி வாங்கினோம். கண்ணுங்க எல்லாத்தையும் கம்பி பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, அந்தப் புது கம்பிய உள்ள விட்டு, தேஞ்ச கண்ண ஒவ்வொண்ணா கேஸ்ல செவக்கச் செவக்கக் காய்ச்சி, கம்பி மேலேயே சின்ன சுத்தியால சுத்திச் சுத்தித் தட்டி அடைச்சாரு. ஒவ்வொரு கண்ணு முடிஞ்சதும் கீல மூடித் திறந்து பாத்துக்கிட்டே போனாரு. ரொம்ப இறுக்கிட்டா கீலு மக்கர் பண்ணும், பானட்டத் தூக்கும்போது கீலு திரும்பாம பானட் தகடு அதுக்குப் பதிலா வளையும், கீலுக்கு முன்னாடி ஒரு மடிப்புக் கோடு விழுந்த பானட்டுங்கள நீங்க பாத்திருப்பீங்க, அது இப்படி வர்றதுதான். தொளதொளப்பும் கூடாது, இறுக்கமும் கூடாது. ஒரு நுனியப் பிடிச்சுத் தூக்கினா மறு தகடு தன் கனத்துல பைய எறங்கணும், அதுதான் கணக்கு.

அதுல நான் ரெண்டு மாத்தம் பண்ணச் சொன்னேன். ஒண்ணு, பின்னோட நுனிய பழையபடி நசுக்கி விடாம, ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டை போட்டு ஸ்பிளிட் பின் மாட்டிட்டோம், நாளைக்கு கழட்டணும்னா வெட்ட வேண்டியதில்ல. ரெண்டாவது, கண்ணுங்கள்ல ஒண்ணு விட்டு ஒண்ணுக்கு மேல்பக்கத்துல 2 மில்லி ஓட்டை, எண்ணெய் நேரா பின்னுக்குப் போறதுக்கு. ஓட்டை போடும்போது பின்ன உருவிட்டுப் போடுங்க, இல்லன்னா பின்னுலயும் காயம் விழுந்து அந்த எடத்துல அரம் மாதிரி அறுக்கும்.

கவுல் வேலைதான் பெருசு. கவுலுக்கும் பானட்டுக்கும் நடுவுல சத்தம் வராம இருக்க ஒரு நாடா ஒட்டியிருப்பாங்க, பழைய வண்டில பருத்தி நாடா. அது பஞ்சு மாதிரி தண்ணிய இழுத்து வச்சுக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினா மூணு நாலு மாசம் காயாத ஊர்ல அந்த நாடாவுக்கு அடியில தகடு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மேல பட்டி போட்டு பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உள்ள போயிடுச்சு. போல்ட்டு தகட்டைப் பிச்சுக்கிட்டு வந்ததுக்குக் காரணம் காத்து இல்ல, இந்தத் துருதான்.

இங்க ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த மாடல்ல டீசல் டேங்க்கு டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு. கவுல்ல வெல்டிங் பண்ற எடத்துல இருந்து அது ரொம்பத் தூரம் இல்ல. பேட்டரி வயரக் கழட்டினா மட்டும் போதாது, டேங்க்கையே இறக்கி வெளிய தூரமா வச்சிட்டுத்தான் கேஸ் லைட்டரத் தொடணும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி போற வயரையும் இழுத்து ஒதுக்கி ஈரச்சாக்கு போட்டு மூடினோம். பெட்ரோல் வண்டின்னா இன்னும் சொல்லவே வேண்டாம். "அஞ்சு நிமிச வெல்டிங்குதான, அப்படியே அடிச்சிடலாம்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

துரு பிடிச்ச எடத்த நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு 16 கேஜ் தகடு வச்சு ஒட்டினோம், ஒரே இழுப்பா வெல்டிங் இழுக்காம அங்க ஒரு பொட்டு இங்கிட்டு ஒரு பொட்டுன்னு, சூடு ஒரே எடத்துல ஏறித் தகடு அலையடிக்காம. அதுக்கு அடியில கீலோட நீளத்துக்கு 3 மில்லி பட்டை ஒண்ணு வச்சு, அந்தப் பட்டைலயே நட்டுங்கள வெல்டிங் பண்ணிட்டோம். இந்த வேலைல நான் செஞ்சதுலயே உருப்படியானது இந்தப் பட்டைதான்னு நினைக்கிறேன். முன்னாடி ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியா மெல்லிசுத் தகட்ட இழுத்துச்சு, இப்ப எந்த போல்ட்டு இழுத்தாலும் பாரம் 2 அடிக்கும் பரவுது. நட்ட வெல்டிங் பண்ணும்போது போல்ட்ட உள்ள விட்டு கிரீஸ் தடவி வச்சுக்கிட்டு பண்ணுங்க, பொறி மரைல போய் ஒட்டாது. அடியில ரெட் ஆக்சைடு ரெண்டு கை.

அப்பறம் மாட்டுற வேலை. இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா வச்சுக்கணும், குறைஞ்சது ரெண்டு பேரு, மூணு பேரு இருந்தா நிம்மதி. பக்கத்து வீட்டு சேட்டன் அவரோட மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு, வண்டியப் பாத்து வளர்ந்தவரு. பானட்டோட பின் மூலை ரெண்டுலயும் பழைய பெட்ஷீட்ட மடிச்சு டேப் போட்டு ஒட்டிடுங்க, கை வழுக்கினா மொதல்ல அடிபடுறது அந்த மூலையும் கவுலும்தான். காத்து அடிக்கிற நாள்ல திறந்தவெளில இந்த வேலை வேண்டாம்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, கீல கவுல்ல முறுக்கி இறுக்கிட்டு அப்பறம் பானட்டத் தூக்கி மாட்டிப் பாக்கிறது. நாங்களும் மொதல்தரம் அதத்தான் பண்ணோம், வலதுபக்க இடைவெளி 2 மில்லி, இடதுபக்கம் 9 மில்லி. மேஸ்திரிக்குப் போன் பண்ணேன். "கிரில்லு நேரா நிக்குதா பாத்தீங்களா தம்பி"ன்னு ஒரே கேள்வி. பாக்கல. கிரில்லு பிரேமுல உக்கார்ற எடத்துல ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி தகடு மாதிரி ஆயிருந்துச்சு, கிரில்லே ஒருபக்கமா சாஞ்சு மட்காட்டையும் இழுத்துக்கிட்டு நின்னுச்சு. அதாவது பானட்டு நேராத்தான் இருக்கு, அது போய் உக்கார்ற எடம் கோணல். புது ரப்பர் போட்டு, கிரில்லோட மேல் மூலைல இருந்து கவுலோட மூலைக்கு ரெண்டு பக்கமும் குறுக்குல நூல் பிடிச்சுப் பாத்தோம், ரெண்டு நீளமும் ஒண்ணா வர்ற வரைக்கும் கிரில்ல நகத்தி இறுக்கினோம். வீடு கட்டும்போது மூலைமட்டம் பாக்கிற அதே வேலைதான். கீலத் தொடுறதுக்கு முன்னாடி செஞ்சிருக்க வேண்டியது இது.

அதுக்கப்பறம் முறை இப்படி. கவுல் பக்கத்து போல்ட்டு, பானட் பக்கத்து போல்ட்டு ரெண்டையும் விரலால மட்டும் மாட்டி, கீலு நகர்ற அளவுக்கு தளர்வா விட்டுட்டு பானட்ட பைய இறக்கி மூடணும். ஓட்டைங்கள அரத்தால கொஞ்சம் நீள வாக்குல இழுத்து விட்டிருந்தோம், முன்ன பின்ன நகத்த. 5 மில்லி பிளைவுட் துண்டுங்கள வெட்டி வச்சுக்கிட்டு, பானட்டுக்கும் கவுலுக்கும் நடுவுல வரிசையா சொருகினோம், இப்ப இடைவெளி தானா ஒரே அளவுல நிக்குது. கவுல் பக்கத்து போல்ட்டுங்க இந்த வண்டில மேலேயே தெரியும், அதனால பானட்டு மூடியிருக்கும்போதே அத இறுக்கிடலாம், நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும், ஓரத்துல ஆரம்பிச்சா கீலு வில்லு மாதிரி வளைஞ்சு நடுவுல இறுகும். அப்பறம் பானட்டை ஒரு சாண் மட்டும் தூக்கி, ஒருத்தர் அப்படியே பிடிச்சிருக்க, இன்னொருத்தர் உள்ள கைய விட்டு பானட் பக்கத்து நட்ட இறுக்கணும். இங்க நைலாக் நட்டு, அதாவது உள்ள நைலான் வளையம் வச்ச, குலுக்கல்ல கழலாத நட்டு போடுங்க.

முழுசாத் திறக்கிறதுக்கு முன்னாடி விரல் அளவு விரல் அளவா தூக்கிப் பாருங்க, பின் ஓரம் கவுல்ல எங்கயாவது தட்டுதான்னு. தட்டுச்சுன்னா பானட்டு பின்னாடி தள்ளி இருக்கு. பின்பக்கம் பானட்டு கவுல விட தாழ்வா இருந்தா கீலுக்கு அடியில மெல்லிசுத் தகடு வச்சு தூக்கணும். நாங்க பால்பவுடர் டப்பாத் தகட்ட வெட்டி வச்சு அளவு பாத்துட்டு, எத்தனைன்னு தெரிஞ்சதும் அதே கனத்துல ஸ்டீல் தகடு வெட்டி மாத்திட்டோம். டப்பாத் தகடு ஒரு மழைக்காலம்தான் தாங்கும். இந்த ஏத்தி இறக்குற வேலைய ஏழெட்டுத்தரம் செஞ்சிருப்போம், சேட்டன் ஒருதரம் கூட சலிச்சுக்கல, "மதியோ, இனியும் வேணோ"ன்னு (போதுமா, இன்னும் வேணுமான்னு) கேட்டுக்கிட்டே பிடிச்சிருந்தாரு.

கடைசியாத்தான் லாக்கு. கீலும் கிரில்லும் சரியானதுக்கு அப்பறம் நான் போட்ட அந்த ரெண்டு வாசரையும் எடுத்துட்டேன். புது ஸ்பிரிங் போட்டு ரெண்டு பக்கமும் ஒரே இழுப்புல மாட்டுது, கட்டைவிரல் ஒண்ணே போதும்.

ரெண்டு சேர்க்கை பண்ணியிருக்கேன். பருத்தி நாடாவுக்குப் பதிலா பழைய சீட் பெல்ட்ட நீளமா வெட்டி ஒட்டினேன், அது தண்ணிய குடிக்காது, நடுவுல ரெண்டு எடத்துல ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்டினா தேங்கிற தண்ணி வடிஞ்சிடும். வெட்டின நுனிய தீக்குச்சில காட்டி உருக்கி விடுங்க, பிரியாது. இன்னொண்ணு, கிரில்லுல இருந்து பானட்டு நுனிக்கு நடுவுல ஒரு தோல் பட்டை, பக்கிள் வச்சது. ரெண்டு லாக்கும் விட்டாக்கூட பானட்டு நாலு விரலுக்கு மேல எந்திரிக்காது. பாக்கிறதுக்கு அழகு இல்லன்னு சிலர் சொன்னாங்க, அந்த லோயர்கேம்ப் ரோட்டுல கண்ணாடி இருட்டானத பாத்தவனுக்கு அது அழகாத்தான் தெரியும். பானட்ட பின்னாடி முழுசா மடக்கி வைக்கும்போது கண்ணாடி பிரேம் மேல மோதாம இருக்க ரெண்டு ரப்பர் கட்டை, அது விழாம இருக்க பிரேமுல ஒரு கொக்கி, இதெல்லாம் முன்னாடியே இருந்திருக்க வேண்டியது, யாரோ எப்பவோ கழட்டியிருக்காங்க, திரும்ப மாட்டிட்டேன்.

செலவு, மேஸ்திரி கூலி, கேஸு, தகடு, லேத்து, ரப்பரு, போல்ட்டு எல்லாம் சேத்து 6,800 ரூபா ஆச்சு, வீணாப்போன புதுக் கீலு 1,400 இதுல சேரல. கண்ணாடி தனி. நாள் கணக்குல பாத்தா ரெண்டு மாசம், அதுல பாதி மழை நிக்கிறதுக்காக காத்திருந்தது.

இந்த வருசம் ஆனி மாசத்துல இருந்து அதே ரோட்டுல அதே காத்துல வாரம் ரெண்டுதரம் போய்ட்டு வர்றேன். புத்தடி பக்கம் குண்டும் குழியுமா இருக்கிற தோட்டத்து ரோட்டுல கூட பானட்டுல சத்தம் இல்ல. இடது பின் மூலை மட்டும் 1 மில்லி தூக்கி நிக்குது, அடுத்து பெயிண்ட் வேலைக்கு கழட்டும்போது அதப் பாத்துக்கலாம்னு விட்டு வச்சிருக்கேன். சனிக்கிழமை சாயந்தரம் எண்ணெய் விடுறது இப்ப என் மகன் வேலை, அந்த 2 மில்லி ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு, வழிஞ்சத துணியால துடைச்சிட்டு பானட்ட மூணுதரம் தூக்கி இறக்கிட்டு வருவான்.